மண்டபத்தின் பெயரை யாரோ முன்பே சூட்டியிருந்தார்கள்

கடல் பாக்டீரியாக்களில் ஒரு புதிய சிற்றினத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நான் முதன்முதலில் நம்பியது, ஒரு காரல் மீனின் தொண்டையிலிருந்து எடுத்த காலனி (பாக்டீரியாக்கள் பெருகிச் சேர்ந்த புள்ளி) இருட்டில் ஒளிர்ந்ததைப் பார்த்த இரவில்தான். இராமேசுவரத்துக்கு அருகே உள்ள மண்டபம் என்ற ஊரின் வடகடல் கரையில் அந்த மீனை எனக்குக் கொடுத்த மீனவ அண்ணன், "தம்பி, வெளிச்சம் வேணும்னா காரலைப் பாருங்க" என்று மட்டும் சொன்னார். காரல் மீனின் உணவுக்குழாயைச் சுற்றி வளையம்போல ஓர் ஒளியுறுப்பு உண்டு. அதற்குள் ஒளிரும் பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. அந்த உறுப்பை நசுக்கி, நீர்த்து, பாக்டீரியா வளர்க்கும் ஊட்டக்கூழ்த் தட்டில் பரப்பி, மறுநாள் இரவு ஆய்வகத்தின் விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் கண்ணைப் பழக்கிக்கொண்டு நின்றபோது, தட்டு முழுவதும் நீலப்பச்சைப் புள்ளிகள் தெரிந்தன. முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்து நான்கே மாதம் ஆகியிருந்த எனக்கு அந்தக் காட்சியே ஒரு சான்றாகத் தோன்றியது.

பாக்டீரியாக்களை அடையாளம் காண ஒப்பிடப்படும் 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணுவைப் பிசிஆர் முறையில் பெருக்கி, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் சீக்வென்ஸ் செய்ய, அதாவது அதன் டிஎன்ஏ எழுத்து வரிசையைப் படிக்க அனுப்பினேன். சுமார் 750 எழுத்துகள் வந்தன. தரவுத்தளத்தில் ஒப்பிட்டபோது மிக நெருங்கிய உறவாக வந்தது ஃபோட்டோபாக்டீரியம் லியோக்னாதி, ஒற்றுமை 98.1 சதவீதம். 98.7 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் புதிய சிற்றினமாக இருக்க வாய்ப்புண்டு என்று வகுப்பில் படித்திருந்தேன். அன்றிரவே என் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் மண்டபத்தின் பெயரால் ஒரு லத்தீன் பெயரையும் எழுதி வைத்தேன்.

என் நெறியாளர் அந்த 98.1 என்ற எண்ணைப் பார்க்கவே இல்லை. "குரோமேட்டோகிராம் எங்கே?" என்று கேட்டார். சீக்வென்ஸ் என்று நம் கையில் கிடைக்கும் எழுத்து வரிசைக்குப் பின்னால், ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மேடு கொண்ட வண்ண வரைபடம் இருக்கிறது. 600 எழுத்துகளுக்குப் பிறகு அந்த மேடுகள் மெல்லத் தடித்து, ஒன்றன்மேல் ஒன்று சரிந்து, 700-ஐத் தாண்டியதும் இயந்திரம் ஏறக்குறைய ஊகித்து எழுதத் தொடங்குகிறது. என் 'புதிய சிற்றினத்தின்' வேறுபாடுகளில் பெரும்பாலானவை அந்தக் கடைசி நூறு எழுத்துகளில் இருந்தன. இரு பக்கங்களிலிருந்தும் சீக்வென்ஸ் செய்து, மங்கிய முனைகளை வெட்டி, 1,430 எழுத்துகள் கொண்ட வரிசையாக இணைத்தபோது ஒற்றுமை 99.8 ஆனது. நான் கையில் வைத்திருந்தது, காரல் மீனின் பேரினப் பெயரையே தாங்கி 1967-இலேயே விவரிக்கப்பட்டுவிட்ட அதே பாக்டீரியா.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தையும் அவர் பார்த்துவிட்டார். ஃபோட்டோபாக்டீரியம் மண்டபமென்சிஸ் என்ற பெயரில் ஒளிரும் பாக்டீரியா ஒன்று 1970-இலேயே விவரிக்கப்பட்டுவிட்டது என்றும், பின்னாளில் அது லியோக்னாதியின் துணைச்சிற்றினமாகக் கருதப்பட்டது என்றும், ஒளிர்வுக்கான மரபணுத் தொடரில் லக்ஸ்எஃப் என்ற மரபணு இருப்பதை வைத்து அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கிறார்கள் என்றும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நான் பிறப்பதற்கு முன்பே மண்டபத்தின் பெயர் பாக்டீரியா உலகில் புழங்கிக்கொண்டிருந்தது. கூடவே இன்னொன்றையும் சொன்னார்: "பாக்டீரியம்னு முடியுற பேரினத்துக்கு மண்டபமென்சிஸ்னு போட்டா பால்வழு." அந்தப் பேச்சைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பெயர் உண்மையில் கடைசியில்தான் வர வேண்டும்.

இந்தத் தோல்வியிலிருந்து எனக்குக் கிடைத்தது, பாக்டீரியாவில் 'சிற்றினம்' என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலிலிருந்து படிக்க வேண்டும் என்ற கட்டாயம். விலங்குகளைப்போல இனச்சேர்க்கையை வைத்து எல்லை வகுக்க முடியாது. உருவத்தை வைத்து வகுக்கலாம் என்றால், உருண்டை, கோல், சுருள் என்ற சில வடிவங்களுக்கு மேல் நுண்ணோக்கி அதிகம் காட்டுவதில்லை. எனவே இந்தத் துறை எண்களை ஒப்புக்கொண்டிருக்கிறது. 1987-இல் கூடிய ஒரு குழு, இரண்டு திரிபுகளின் (தனித்தனியாகப் பிரித்தெடுத்து வளர்த்த பாக்டீரியா வழிகளின்) டிஎன்ஏ ஒன்றோடொன்று 70 சதவீதமோ அதற்கு மேலோ இணைந்தால் அவை ஒரே சிற்றினம் என்று பரிந்துரைத்தது. அந்த ஆய்வு மிகவும் கடினமானது. ஓர் ஆய்வகத்தில் 65 என்று வருவது இன்னோர் ஆய்வகத்தில் 74 என்று வரும். பிறகு 16எஸ் மரபணு எளிதாகக் கிடைக்கத் தொடங்கியதும், 1994-இல் 97 சதவீதம் என்ற எல்லை முன்வைக்கப்பட்டது. 2006-இல் அது 98.7 முதல் 99 வரை உயர்த்தப்பட்டது. 2014-இல் பல்லாயிரம் ஜீனோம்களை, அதாவது முழு மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு 98.65 என்று சொன்னார்கள். இன்று முழு ஜீனோமையும் படித்து, இரண்டு ஜீனோம்களின் சராசரி நியூக்ளியோடைடு ஒற்றுமை 95 முதல் 96 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்கிறோம். பழைய 70 சதவீத எல்லையைக் கணினியில் கணக்கிடும் வழியும் உண்டு.

இதில் தொடக்கநிலை ஆய்வாளர்கள் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்றுண்டு. 98.7-க்குக் கீழே என்றால் புதியது என்பது ஏறக்குறைய சரி; ஆனால் 98.7-க்கு மேலே என்றால் பழையது என்பது சரியல்ல. விப்ரியோ பேரினத்தில் ஹார்வேயி கூட்டத்தைச் சேர்ந்த சிற்றினங்கள் 16எஸ் வரிசையில் 99 சதவீதத்துக்கு மேல் ஒத்திருக்கும். ஜீனோமை எடுத்தால் தனித்தனிச் சிற்றினங்களாக நிற்கும். பாக்டீரியாக்கள் தங்களுக்குள் 'பேசிக்கொள்வதை' ஆராய உலகெங்கும் விப்ரியோ ஹார்வேயி என்ற பெயரில் பல ஆண்டுகள் பயன்படுத்தப்பட்ட புகழ்பெற்ற திரிபு ஒன்று, உண்மையில் விப்ரியோ கேம்பெல்லி என்று 2010-இல்தான் தெளிவானது. அவ்வளவு பேர் அவ்வளவு நுட்பமாக ஆராய்ந்த உயிரிக்கே பெயர் மாறியிருக்கும்போது, என் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்துக்காக நான் அதிகம் வெட்கப்படத் தேவையில்லை என்று பின்னாளில் நினைத்துக்கொண்டேன்.

உண்மையில் புதியதாக இருந்த பாக்டீரியா, நான் எதையும் தேடாதபோது கிடைத்தது. பாக் நீரிணையில் கடற்புல் படுகைகள் பரந்து கிடக்கின்றன. ஒரு டிசம்பர் மாதத்தில் இடுப்பளவு நீரில் நின்று சில கடற்புல் இலைகளைப் பறித்து வந்தேன். கிருமிநீக்கம் செய்த கடல்நீரில் அவற்றைக் கழுவி, அரைத்து, பத்துப் பத்து மடங்காக நீர்த்து, தட்டுகளில் பரப்பினேன். கடல் பாக்டீரியாக்களுக்கு எல்லோரும் பயன்படுத்துவது சோபெல் 2216 என்ற வளர்ப்பு ஊடகம். லிட்டருக்கு 5 கிராம் பெப்டோனும் 1 கிராம் ஈஸ்ட் சாறும் கொண்டது. கடலின் கணக்கில் அது கல்யாணப் பந்தி. ஒரு நாளில் தட்டை மூடி வளரும் விப்ரியோக்களும் அவற்றின் உறவினர்களும் அந்தப் பந்தியில் முதல் வரிசையில் அமர்ந்துவிடும். மெதுவாக உண்ணும் மற்றவற்றுக்கு இலையே கிடைக்காது. ஆகவே அந்த ஊடகத்தைப் பத்தில் ஒரு பங்காக நீர்த்த தட்டுகள் சிலவற்றையும் வைத்திருந்தேன். எல்லோரும் செய்வதைப்போல மூன்றாம் நாள் வளர்ந்தவற்றை எடுத்துக்கொண்டு, தட்டுகளை அப்புறப்படுத்த மறந்து, பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது தட்டுகள் இருபது நாட்களைக் கடந்திருந்தன. நீர்த்த ஊடகத் தட்டு ஒன்றில், பெரிய காலனிகளுக்கு இடையே, குண்டூசித் தலையைவிடச் சிறிய, பழுத்த பப்பாளி நிறத்தில் மூன்று புள்ளிகள் இருந்தன. அன்று முதல் நான் எந்தக் கடல் மாதிரித் தட்டையும் நான்கு வாரத்துக்கு முன் வீசியதில்லை. தட்டுகள் காய்ந்துவிடாமல் இருக்க ஈரப்பஞ்சுடன் டப்பாவில் மூடி வைக்கிறேன். கடல்நீரில் நுண்ணோக்கியில் எண்ணக் கிடைக்கும் செல்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவையே வழக்கமான தட்டுகளில் வளர்கின்றன. கடலின் மேற்பரப்பில் மிக அதிகமாக இருக்கும் பாக்டீரியாக் கூட்டங்களில் ஒன்றான எஸ்ஏஆர்11, மரபணுத் தடயமாக 1990-இல் தெரியவந்தும், வளர்ப்பில் பிடிபட்டது 2002-இல்தான். அதுவும் தட்டில் வளர்ந்ததல்ல, ஊட்டம் மிகக் குறைந்த கடல்நீரில் செல்களை ஒன்றிரண்டாகப் பிரித்து வளர்த்தபோது வந்தது.

அந்த மூன்று புள்ளிகளைத் தூய்மைப்படுத்தவே ஆறு வாரம் ஆனது. கோடு இழுத்துத் தனிக் காலனி எடுப்பதை இரண்டு முறை செய்தால் போதும் என்று பாடம் சொல்லும். நான் ஆறு முறை செய்தேன், ஏனென்றால் நான்காம் முறைகூட ஆரஞ்சுக் காலனியின் அடியில் நிறமற்ற இன்னொன்று ஒட்டிக்கொண்டே வந்தது. தூய்மையான பிறகு இரு பக்க சீக்வென்ஸ், வெட்டிய முனைகள், 1,440 எழுத்துகள். நெருங்கிய உறவு 97.6 சதவீதம். ஃபிளேவோபாக்டீரியேசியே குடும்பம். இந்த முறை நான் யாரிடமும் ஓடவில்லை. குரோமேட்டோகிராமை அச்செடுத்து நெறியாளர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

புதிய சிற்றினத்தை விவரிப்பது என்றால் நம் பாக்டீரியாவை நன்றாக ஆராய்வது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அடுத்த இரண்டு ஆண்டுகளில் என் நேரத்தில் பாதிக்கு மேல் என் பாக்டீரியாவின் அண்டை வீட்டுக்காரர்களோடு கழிந்தது. ஒவ்வொரு சிற்றினத்துக்கும் டைப் ஸ்ட்ரெய்ன் என்று ஒரு மூலத் திரிபு உண்டு. அந்தச் சிற்றினத்தின் பெயர் அந்த ஒரே திரிபோடு சட்டப்படி கட்டப்பட்டிருக்கிறது. என் பாக்டீரியாவுக்கு நெருங்கிய நான்கு சிற்றினங்களின் டைப் ஸ்ட்ரெய்ன்களை வாங்கி, ஐந்தையும் ஒரே ஊடகத்தில், ஒரே வெப்பநிலையில், ஒரே நாளில், ஒரே கையால் வளர்த்து ஒப்பிட வேண்டும். பிறருடைய கட்டுரையிலிருந்து எண்களை எடுத்து அட்டவணையில் ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு என் கொழுப்பு அமில அனுபவத்தைச் சொல்கிறேன். செல் சவ்வில் உள்ள கொழுப்பு அமிலங்களின் விகிதத்தை வகைப்பாட்டில் ஒரு முக்கிய அடையாளமாகக் கொள்வார்கள். ஃபிளேவோபாக்டீரியேசியே குடும்பத்தில் ஐசோ-சி15:0 போன்ற கிளைத்த அமிலங்கள் மிகுதியாக இருப்பது வழக்கம். நான் முதலில் என் திரிபை 25 டிகிரியில் ஐந்து நாள் வளர்த்து அனுப்பினேன். அண்டைச் சிற்றினத்தின் எண்களைக் கட்டுரையிலிருந்து எடுத்தேன். அவர்கள் அதை 30 டிகிரியில் மூன்று நாள் வளர்த்திருந்தார்கள். எங்கள் அட்டவணையில் பெரிய வேறுபாடு தெரிந்தது. இரண்டையும் ஒரே நிலையில், ஒரே வளர்ச்சிப் பருவத்தில் அறுவடை செய்து அனுப்பியபோது அந்த வேறுபாட்டில் பாதி காணாமல் போனது. வெப்பநிலை குறைந்தால் சவ்வின் இளக்கத்தைக் காக்க எந்தப் பாக்டீரியாவும் தன் கொழுப்பை மாற்றிக்கொள்ளும். நான் அளந்தது இரண்டு இன்குபேட்டர்களின் வேறுபாட்டைத்தான்.

டைப் ஸ்ட்ரெய்ன்கள் வருவதே ஒரு கதை. ஜெர்மனி, ஜப்பான், தென்கொரியா, பெல்ஜியம் என்று வெவ்வேறு நாடுகளின் சேகரிப்பு நிலையங்களில் அவை இருக்கும். விலை, இறக்குமதி அனுமதி, சுங்கம் எல்லாவற்றையும் சேர்த்து ஆறு மாதத்தை ஒதுக்கி வையுங்கள். உறைந்துலர்ந்த தூளாக, கண்ணாடிக் குழாய்க்குள் இன்னொரு கண்ணாடிக் குழாயாக வரும். வெளிக்குழாயின் முனையைச் சுடரில் சூடாக்கி, இரண்டு துளி நீர் விட்டு விரிசல் ஏற்படுத்தி உடைக்க வேண்டும். நான் முதல் குழாயை உடைத்த அவசரத்தில், தூளில் ஊடகத்தை ஊற்றிய கையோடு தட்டில் பரப்பினேன், ஒன்றும் வளரவில்லை. உலர்ந்த செல்களுக்கு நீர் ஏற அரைமணி நேரமாவது பொறுக்க வேண்டும் என்று குழாயோடு வந்த தாளிலேயே எழுதியிருந்தது. நல்லவேளையாக, மிச்சத் தூளை எறியாமல் வைத்திருந்தேன்.

உயிர்வேதியியல் சோதனைகளில் மூன்று சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் காலனியைக் கலக்கினால் கம்பிபோல இழுபடுவது, கேட்டலேஸ் சோதனையில் நுரைப்பது போன்றவற்றை ஒரு பிற்பகலில் முடித்துவிடலாம். நிறத்துக்கான சோதனையும் எளிது: 20 சதவீத ஹைட்ராக்சைடை ஒரு சொட்டு விட்டால் ஃபிளெக்சிருபின் நிறமி உள்ள காலனி செம்பழுப்பாக மாறும், என்னுடையது மாறவில்லை, ஆகவே அதன் நிறம் கரோட்டினாய்டு வகை என்று புரிந்துகொண்டோம். உப்புச் சோதனையில்தான் பலரும் இடறுகிறார்கள், நானும் இடறினேன். 'உப்பில்லாமல் வளருமா' என்று பார்க்க, சோபெல் ஊடகத்தில் உப்பைத் தனியாகச் சேர்க்காமல் வளர்த்து, 'ஆம், வளர்கிறது' என்று எழுதிவிட்டேன். அந்த ஊடகத்திலேயே லிட்டருக்கு 19.45 கிராம் சோடியம் குளோரைடு இருக்கிறது. சோடியம் குளோரைடை மட்டும் நீக்கி, மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் உப்புகளை வைத்துக்கொண்ட செயற்கைக் கடல்நீரில் மறுபடி செய்தபோது, என் திரிபு ஒரு சதவீதத்துக்குக் கீழே அசையவே இல்லை. கடல் உயிரியா, கடலுக்கு அடித்துவரப்பட்ட நில உயிரியா என்ற கேள்விக்கு இந்தச் சோதனைதான் ஒரு முக்கிய விடை. அதை அலட்சியமாகச் செய்தது இன்றும் உறுத்துகிறது. இதே காரணத்தால், கடைகளில் கிடைக்கும் ஆயத்த நொதிச் சோதனைப் பட்டைகளில், அவற்றோடு வரும் செய்முறைத் தாள் சொல்கிறபடி 0.85 சதவீத உப்புக்கரைசலைப் பயன்படுத்தினால் கடல் செல்கள் பல உடைந்துவிடும். எல்லாக் கிண்ணங்களும் 'இல்லை' என்றே காட்டும். கரைசலைக் கடல்நீரின் அளவுக்கு உப்பேற்றிக்கொள்ள வேண்டும், அதைக் கட்டுரையில் வெளிப்படையாக எழுதவும் வேண்டும்.

ஜீனோமுக்கு வந்தோம். 2018 முதல் இந்தத் துறையில் புதிய சிற்றின விவரிப்புக்கு டைப் ஸ்ட்ரெய்னின் ஜீனோம் வரிசை ஏறக்குறைய கட்டாயமாகிவிட்டது. ஒவ்வோர் எழுத்தும் சராசரியாக 50 முறையாவது படிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது அப்போது வகுத்த குறைந்தபட்ச அளவு. நாங்கள் ஒரு தனியார் நிறுவனத்துக்கு டிஎன்ஏவை அனுப்பினோம். தரம் நன்று, முழுமை 99 சதவீதத்துக்கு மேல், கலப்படம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று அழகான அறிக்கை வந்தது. நெருங்கிய உறவுடன் ஒற்றுமை 70 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. புதிய சிற்றினம் மட்டுமல்ல, புதிய குடும்பமே என்று ஆய்வகத்தில் பேச்சு எழுந்தது. ஜீனோமுக்குள் இருக்கும் 16எஸ் மரபணுவைப் பிரித்தெடுத்து, நாம் முன்பே தனியாகச் செய்த சீக்வென்சுடன் பொருத்திப் பார்க்க வேண்டும் என்பதும் அந்தக் குறைந்தபட்ச விதிகளில் ஒன்று. பொருத்தினேன். அது பேசில்லஸ் என்ற முற்றிலும் வேறொரு பாக்டீரியாவின் 16எஸ். குழாய் எங்கே மாறியது, எங்களிடமா அவர்களிடமா என்பது கடைசிவரை தெரியவில்லை; அந்த ஜீனோம் மிகத் தூய்மையானதாக, மிக முழுமையானதாக, வேறு யாருடையதாகவோ இருந்தது. கலப்படத்தைக் காட்டும் மென்பொருள், அடையாளம் மாறியதைக் காட்டாது. ஐந்து நிமிட வேலையான அந்தப் பொருத்தலைச் செய்யாமல் கட்டுரை அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே கூசுகிறது. மறுபடி அனுப்பிப் பெற்ற ஜீனோமில் நெருங்கிய உறவுடன் சராசரி ஒற்றுமை 81 சதவீதம் என்று வந்தது. 95-இலிருந்து இவ்வளவு தூரத்தில் இருப்பது நிம்மதி, 94.8 என்று வந்திருந்தால் வாதாடியே வயது போயிருக்கும்.

இங்கே எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஒரே தட்டிலிருந்து எடுத்த மூன்று காலனிகளும் ஒன்றே என்று ஜீனோம் காட்டியது. ஆகவே நாங்கள் விவரிப்பது ஒரே ஒரு திரிபை வைத்து. ஒரு சிற்றினத்தின் குணங்கள் எவை, அந்த ஒரு திரிபின் தனிக்குணங்கள் எவை என்று ஒற்றைத் திரிபை வைத்துப் பிரிக்க முடியாது. விதி இதை அனுமதிக்கிறது, உலகில் பெரும்பாலோர் இப்படித்தான் செய்கிறார்கள். இருந்தாலும், ஒரு ஊரில் ஒரே ஆளைப் பார்த்துவிட்டு அந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் என்று எழுதுவதைப்போல இருக்கிறது. அடுத்த இரண்டு டிசம்பர்களிலும் அதே படுகைக்குப் போய்த் தேடினேன். கிடைக்கவில்லை.

இதற்கிடையில் ஒரு மே மாதத்தில், வார இறுதியில், மைனஸ் 80 டிகிரி உறைபெட்டி நின்றுபோனது. திங்களன்று திறந்தபோது உள்ளே இருந்தவை எல்லாம் நீராகியிருந்தன. அந்த ஆரஞ்சுத் திரிபு பிழைத்ததற்குக் காரணம், வேறு கட்டடத்தில் இன்னொரு பெட்டியில் 20 சதவீத கிளிசராலில் நான்கு குழாய்களை நண்பர் ஒருவர் எனக்குத் தெரியாமலேயே எடுத்து வைத்திருந்ததுதான். தூய்மைப்படுத்திய அன்றே, குறைந்தது இரண்டு கட்டடங்களில் சேமித்துவிடுங்கள்; ஆய்வு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

சேகரிப்பு நிலையங்களில் ஒப்படைக்கும் வேலையையும் அவ்வளவு சீக்கிரம் தொடங்கியிருக்க வேண்டும். ஒரு பெயர் முறையாக வெளியிடப்பட்டதாகக் கருதப்பட வேண்டுமானால், டைப் ஸ்ட்ரெய்ன் இரண்டு வெவ்வேறு நாடுகளில் உள்ள இரண்டு பொதுச் சேகரிப்புகளில் இருக்க வேண்டும், கேட்பவர்களுக்குத் தடையின்றிக் கிடைக்க வேண்டும். இந்தியாவில் சண்டிகரிலும் புனேயிலும் அத்தகைய சேகரிப்புகள் உள்ளன. இந்திய உயிரியல் வளத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி தேசிய பல்லுயிர் ஆணையத்தின் நடைமுறைகளைப் பின்பற்ற வேண்டும். அதன் தலைமையகம் சென்னையில் தரமணியில் இருப்பதால் எங்களுக்கு அலைச்சல் குறைவு. தாமதம் எங்களால் ஏற்பட்டது. மாதிரி எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை நான் குறிப்பேட்டில் 'கரையிலிருந்து சற்றுத் தள்ளி' என்று எழுதி வைத்திருந்தேன். படிவம் எண்களைக் கேட்டது. அந்த இடத்தைக் கைபேசியில் பதிந்திருந்தால் இரண்டு மாதம் மிஞ்சியிருக்கும். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் தீவுகளில் மாதிரி எடுக்க நினைப்பவர்களுக்கு வனத்துறை அனுமதி தனியாக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அனுமதிக் கடிதம் இல்லாத மாதிரியிலிருந்து எவ்வளவு அரிய பாக்டீரியா வந்தாலும் அதை எங்கும் ஒப்படைக்க முடியாது.

இனி அந்தப் பால்வழு. பாக்டீரியாவின் பெயர் லத்தீன் இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டது. லத்தீனில் ஆண்பால், பெண்பால், இரண்டும் அல்லாத பால் என்று மூன்று. சிற்றினப் பெயர் அடைமொழியாக நின்றால் பேரினத்தின் பாலோடு பொருந்த வேண்டும். 'பாக்டர்' என்று முடிவது ஆண்பால், 'மோனாஸ்' பெண்பால், 'பாக்டீரியம்' இரண்டும் அல்லாதது. ஊர்ப்பெயரிலிருந்து வரும் அடைமொழி முதல் இரண்டோடும் 'என்சிஸ்' என்று நிற்கும், மூன்றாவதோடு 'என்சே' என்று மாற வேண்டும். எனவே இலக்கணப்படி மண்டபமென்சே. 'அவன் வந்தாள்' என்று எழுதினால் நம் தமிழாசிரியர் சிவப்பு மையால் சுழித்ததைப்போல, இந்தத் துறையின் பெயரியல் நடுவர்கள் இதைச் சுழிப்பார்கள். ஆட்பெயர் என்றால் வேற்றுமை உருபு ஏறும்: ஆணுக்கு 'இ', பெண்ணுக்கு 'ஏ'. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாமின் பெயரால் 2017-இல் சொலிபாசில்லஸ் கலாமி என்று ஒரு பாக்டீரியா விவரிக்கப்பட்டது. எங்கள் ஆய்வகத்திலிருந்து பேருந்தில் போகும் தூரத்தில் பிறந்தவரின் பெயர் தாங்கிய அந்த உயிரி கிடைத்தது எங்கள் கடலில் அல்ல, பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் காற்று வடிகட்டியில்.

எங்கள் பாக்டீரியாவின் பெயரை இங்கே நான் எழுதவில்லை. முறையாக வெளியாகும் முன் ஒரு பெயரைப் புழக்கத்தில் விடுவது பின்னால் குழப்பத்தையே தரும். பேரினம் 'பாக்டர்' என்று முடிவது, அடைமொழி கடற்புல்லைக் குறிப்பது, ஊரைக் குறிப்பதல்ல என்று மட்டும் சொல்கிறேன்.

கட்டுரையைச் சென்ற ஆண்டு அனுப்பினோம். நடுவர்களின் பதில் மூன்று பக்கம். பெரும்பாலானவை நியாயமான சிறு திருத்தங்கள். கடைசிக் கேள்வி மட்டும் வேறு: நாங்கள் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்த மாதங்களில், அதே பேரினத்தில் வேறொரு நாட்டின் கடற்கரையிலிருந்து இன்னொரு புதிய சிற்றினம் முறைப்படி வெளியாகியிருந்தது. அதன் 16எஸ் எங்களுடையதற்கு 98.2 சதவீதம் நெருக்கம், அதாவது முன்பிருந்த நால்வரையும்விட நெருங்கிய உறவு. ஜீனோம்களை அன்று மாலையே ஒப்பிட்டேன், 86 சதவீதம். சிற்றினம் தப்பித்தது. ஆனால் அட்டவணைகள் எல்லாம் ஐந்தாவது அண்டை வீட்டுக்காரர் இல்லாமல் நிற்கின்றன. உப்பு, வெப்பம், நொதிகள், கொழுப்பு அமிலம் எல்லாவற்றையும் ஆறு திரிபுகளுக்கும் சேர்த்து மறுபடி ஒரே நாளில் செய்ய வேண்டும்.

அந்த டைப் ஸ்ட்ரெய்னின் கண்ணாடிக் குழாய் ஐந்து மாதக் காத்திருப்புக்குப் பிறகு கடந்த வியாழக்கிழமை வந்தது. முனையைச் சூடாக்கி, நீர்த்துளி விட்டு, உடைத்து, தூளில் ஊடகத்தை விட்டுக் கடிகாரத்தைப் பார்த்து முப்பது நிமிடம் காத்திருந்தேன். பாதித் தூளைத் தட்டில் பரப்பினேன். மீதிப் பாதியை மூடி வைத்திருக்கிறேன். நான்கு நாளாகியும் தட்டில் இன்னும் ஒன்றும் தெரியவில்லை. ஈரப்பஞ்சை மாற்றி, டப்பாவை மூடி வைத்தேன்.